ஒரு பிடி பயறும் பத்து சென் காசும்

டோக்கியோவில் உயேனோ ஸ்டேஷனில் ஏறி அசகுசாவில் இறங்கணும்னா இன்னைக்கு 180 யென் டிக்கெட். கார்டு வச்சுத் தட்டினா 178 யென். தூரம் வெறும் 2.2 கிலோமீட்டர். நடுவுல ரெண்டே ரெண்டு ஸ்டேஷன், இனாரிச்சோவும் தவராமாச்சியும். ஏறி உட்கார்ந்து போனை எடுத்துப் பார்க்கிறதுக்குள்ள இறங்க வேண்டிய இடம் வந்துடும்.

இந்தச் சின்னத் துண்டுதான் ஜப்பானில் மக்கள் பயணத்துக்காகப் போட்ட முதல் சுரங்க ரயில் பாதை. இன்னைக்கு டோக்கியோவில் 13 சுரங்கப் பாதைகள் ஓடுது. அதுக்கெல்லாம் மூத்தது இந்த 2.2 கிலோமீட்டர். இதைப் போட்டவர் சிவில் இன்ஜினியரும் இல்லை, மெக்கானிக்கலும் இல்லை. சட்டம் படிச்ச ஒரு மனுஷன். பேர் ஹயகாவா நோரித்சுகு. ஜப்பானில் அவரைச் சுரங்க ரயிலின் தந்தைன்னு சொல்றாங்க.

ஒரு குழப்பத்தை முதல்லயே தீர்த்துடலாம். நீங்க இந்தப் பேரைத் தேடினா ஷார்ப் கம்பெனியைத் தொடங்கின ஹயகாவா டோகுஜியும் சேர்ந்தே வருவார். ரெண்டு பேருக்கும் ஜப்பானிய எழுத்து ஒண்ணேதான், படிக்கிற விதம்தான் வேற. அவர் பென்சில்காரர், ரேடியோக்காரர். நம்மாளு ரயில்காரர்.

அரசியல் ஆசையில் தொடங்கின பயணம்

ஹயகாவா பிறந்தது 1881 அக்டோபரில், யமனாஷி மாகாணத்து கிராமம் ஒன்றில். மலைகள் சூழ்ந்த, திராட்சைக்குப் பேர்போன பகுதி. டோக்கியோவுக்கு வந்து வசேடா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிச்சார். 1908ல் பட்டம் வாங்கினார். அப்போ அவருக்கு இருந்த கனவு அரசியல். பெரிய தலைவர் ஒருத்தர்கிட்ட சேர்ந்து வேலை கத்துக்கிட்டா மேல வந்துடலாம்னு நினைச்சார்.

அவர் போய்ச் சேர்ந்தது கோட்டோ ஷிம்பெய்கிட்ட. கோட்டோ அப்போ தென் மஞ்சூரியா ரயில்வேயின் தலைவர். பிறகு ஜப்பான் அரசின் ரயில்வே நிறுவனத்துக்கே தலைவரா வந்தார். அவர் பின்னாலேயே போன ஹயகாவாவுக்கு அரசியல் மேல இருந்த மோகம் கொஞ்சம் கொஞ்சமா ரயில் மேல திரும்பிடுச்சு. மேசை வேலை வேண்டாம்னு சொல்லி, ஸ்டேஷன் வேலையை அடிமட்டத்திலிருந்து கத்துக்கிட்டார்.

அடுத்து அவர் வாழ்க்கையில் வந்தவர் நெசு கயிச்சிரோ. இவரும் யமனாஷிக்காரர். தோபு ரயில்வேயை நடத்தின பெரிய தொழிலதிபர். நொடிஞ்சு போன கம்பெனிகளை வாங்கி நிமிர்த்துறதில் கெட்டிக்காரர். அவர் நம்பி ஹயகாவா கையில் ரெண்டு சின்ன ரயில்வேக்களைக் கொடுத்தார். ஒண்ணு டோக்கியோவுக்கு வடக்கே இருந்த சானோ ரயில்வே, இன்னொண்ணு ஒசாகா பக்கத்து கோயா ரயில்வே. ரெண்டும் நஷ்டத்தில் ஓடிக்கிட்டிருந்தது. ரெண்டையும் ஹயகாவா தூக்கி நிறுத்தினார். முப்பது வயசு சுமாருக்கு இது பெரிய சாதனை. ஒரு ரயில் கம்பெனிக்கு வரவு எங்கிருந்து வருது, செலவு எங்க ஒழுகுதுன்னு அவருக்கு அங்கேதான் புரிஞ்சிருக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

லண்டனில் கண் திறந்தது

1914ல் ரயில்வேக்களுக்கும் துறைமுகங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சி பண்றதுக்காக ஹயகாவா ஐரோப்பா போனார். போன வேலை ஒண்ணு, பார்த்து மயங்கினது வேற ஒண்ணு. லண்டனில் தரைக்கு அடியில் ரயில் ஓடிக்கிட்டிருந்தது. அங்கே 1863லேயே நீராவி இன்ஜினை வச்சு சுரங்கத்தில் ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. 1890லிருந்து ஆழமான குழாய்ப் பாதைகளில் மின்சார ரயில். இவர் போய் இறங்கினப்போ அது நகரத்தின் அன்றாட வாழ்க்கையாகவே ஆகியிருந்தது.

இது அவரை ஏன் இவ்வளவு ஆட்டி வச்சதுன்னு புரியணும்னா அன்றைய டோக்கியோவைக் கொஞ்சம் மனசில் கொண்டு வரணும். ஜனத்தொகை இருபது லட்சத்தைத் தொட்டுக்கிட்டிருந்தது. பொதுப் போக்குவரத்துன்னா டிராம்தான். காலையில் டிராமில் ஏறுறது ஒரு போர். படியில் தொங்குவாங்க, வண்டி நிக்காம போகும், அடுத்ததும் நிரம்பி வழியும். நம்ம ஊர் எட்டரை மணி பஸ்ஸை நினைச்சுக்கோங்க.

கட்டணம் அதைவிடப் பெரிய தலைவலி. 1906ல் டிராம் கம்பெனிகள் 3 சென்னா இருந்த டிக்கெட்டை 5 சென் ஆக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. கலவரமே நடந்தது. கடைசியில் 4 சென்னோடு நிறுத்தினாங்க. 1911ல் டோக்கியோ நகராட்சியே டிராமை வாங்கிடுச்சு. ஆக அந்த ஊரில் டிக்கெட் விலையைத் தொடுறது நெருப்பைத் தொடுற மாதிரி. 100 சென் சேர்ந்தா 1 யென், அந்தக் கணக்கையும் மனசில் வச்சுக்கோங்க.

லண்டனோடு ஹயகாவா நிக்கலை. கிளாஸ்கோ, பாரிஸ், நியூயார்க்னு ஒவ்வொரு ஊர் சுரங்க ரயிலையும் பார்த்துட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு 1916ல் ஊர் திரும்பினார். இனி வாழ்க்கையில் வேற வேலை இல்லைன்னு முடிவு பண்ணிட்டார்.

யாரும் நம்பலை

டோக்கியோவில் இந்த யோசனையைச் சொன்னதும் எல்லாரும் மூணு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, டோக்கியோவின் மண் சேறு. கடலை மூடி எடுத்த நிலம் நிறைய, தோண்டினா சரிஞ்சுடும். ரெண்டு, தண்ணி. தோண்டுற குழியில் ஊற்று எடுத்தா எப்படி இறைப்பீங்க? மூணு, காசு. தெருவில் டிராம் ஓடும்போது இவ்வளவு செலவு பண்ணி அடியில் போட்டா ஏற ஆள் இருக்கா?

இந்த மூணுக்கும் ஹயகாவா வாய்ப்பேச்சில் பதில் சொல்லலை. இங்கேதான் இந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூணுக்கும் தரவு தேடிப் போனார்.

மூணாவது கேள்விதான் முக்கியம், அதை முதல்ல எடுத்தார். எந்தத் தெருவில் எத்தனை பேர் போறாங்க, எத்தனை டிராம், எத்தனை வண்டின்னு யார்கிட்டயும் கணக்கு இல்லை. சரி, நாமே எண்ணுவோம்னு கிளம்பிட்டார். பையில் வெள்ளைப் பயறு, கருப்புப் பயறு. நகரத்தின் முக்கியமான முச்சந்திகளில், நாற்சந்திகளில் போய் நின்னுக்குவார். ஆள் போனா ஒரு நிறம், வண்டி போனா இன்னொரு நிறம். ஒரு பையிலிருந்து எடுத்து அடுத்த பையில் போட்டுக்கிட்டே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பயறைக் கொட்டி எண்ணுவார். வீட்டு ஆளுங்களையும் இந்த வேலையில் இறக்கிவிட்டார்.

நீங்க சிவில் படிக்கிறவங்களா இருந்தா டிராஃபிக் சர்வேன்னு ஒரு லேப் வந்திருக்கும். ரோட்டோரம் நின்னு டூவீலர், கார், பஸ்னு கோடு போட்டு எண்ணியிருப்பீங்க. அதேதான் இது. வித்தியாசம் என்னன்னா, இந்தச் சர்வேயை எடுக்கச் சொன்னது எந்த வாத்தியாரும் இல்லை. சம்பளமும் இல்லை. மாசக்கணக்கில் ஒரு பெரிய மனுஷன் தெருமுனையில் நின்னு பயறு மாத்திக்கிட்டிருந்தா பார்க்கிறவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடைசியில் அந்தப் பயறு சொன்ன பாதை இது: அசகுசா, உயேனோ, கன்டா, நிஹோன்பாஷி, கின்சா, ஷிம்பாஷி. கூட்டம் அதிகமா ஓடுற நரம்பு அதுதான்.

மண்ணுக்கு வருவோம். போர்வெல் போட்டு மண்ணை எடுத்துப் பார்க்க அவர்கிட்ட பணம் இல்லை. ஆனா டோக்கியோவில் ஆறும் கால்வாயும் நிறைய, அதனால் பாலமும் நிறைய. பாலத்துக்கு அஸ்திவாரம் போடும்போது நகராட்சி மண்ணைத் துளைச்சுப் பார்த்துத்தானே இருக்கணும்? நேரா நகராட்சியின் பாலம் கட்டுற பிரிவுக்குப் போய் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கினார். மேலே மென்மையான மண், அதுக்குக் கீழே உறுதியான அடுக்குன்னு அதில் தெளிவா இருந்தது. இன்னொருத்தர் வேற ஒரு வேலைக்காக எடுத்து அலமாரியில் பூட்டி வச்ச தரவு, இவருடைய பிரச்சினைக்கு விடையா ஆயிடுச்சு. தண்ணி விஷயத்துக்கும் இதே வழிதான். கிணறுகளைப் பத்தி விசாரிச்சு, ஊற்று பயப்படுற அளவுக்கு இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டார்.

இந்தக் காகிதங்களோடு அவர் போய்ப் பார்த்தது ஷிபுசாவா எய்ச்சியை. ஜப்பானின் நவீனத் தொழில்துறைக்கு அடித்தளம் போட்டவர்னு பேர் வாங்கினவர். 2024ல் வந்த புது 10,000 யென் நோட்டில் இருக்கிற முகம் அவருடையதுதான். ஷிபுசாவா கேட்டுட்டு ஆதரவு கொடுத்தார், டோக்கியோ மேயர்கிட்டயும் அறிமுகம் பண்ணி வச்சார். அதுக்கப்புறம்தான் கதவுகள் திறந்தது. 1919ல் உரிமம் கிடைச்சது. 1920 ஆகஸ்டில் டோக்கியோ சுரங்க ரயில் கம்பெனி பிறந்தது. முதல் தலைவரா ஃபுருயிச்சி கோயிங்கிற மூத்த பொறியாளரை உட்கார வச்சாங்க. ஓடி ஆடி வேலை பார்த்தவர் ஹயகாவா.

பூகம்பம் வந்தது

1923 செப்டம்பர் 1. மதியம் 12 மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது கான்டோ பெரும் பூகம்பம். டோக்கியோவும் யோகோஹாமாவும் எரிஞ்சு போச்சு. ஒரு லட்சத்துக்கு மேல உயிர் போச்சு.

ஹயகாவாவுடைய கம்பெனி அப்போ ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தோண்டியிருக்கலை. வெளிநாட்டில் கடன் வாங்க நடந்த பேச்சு அதோட நின்னு போச்சு. பூகம்பம் வர்ற ஊரில் பூமிக்கு அடியில் ரயில் போடுறேன்னு சொன்னா எவன் காசு கொடுப்பான்? அந்தச் சமயத்தில் சுரங்க ரயில் உரிமம் வாங்கி வச்சிருந்த மத்தவங்களும் உண்டு. வேலையைத் தொடங்க முடியாம அவங்க உரிமம் ரத்தாச்சு. ஹயகாவா மட்டும் விடலை.

ஆனா திட்டத்தைச் சுருக்கினார். முதல்ல உயேனோவிலிருந்து ஷிம்பாஷி வரைக்கும் போடுறதா இருந்தது. கையில் இருக்கிற காசுக்கு அது முடியாது. அதனால் உயேனோவிலிருந்து அசகுசா, அந்த 2.2 கிலோமீட்டர் மட்டும் முதல்ல. இந்தத் தேர்வு தற்செயல் இல்லை. உயேனோ வடக்கிலிருந்து வர்ற ரயில்கள் வந்து நிக்கிற இடம். அசகுசா கோயிலும் நாடகக் கொட்டகையும் சினிமாவும் நிறைஞ்ச பொழுதுபோக்கு வட்டாரம். குறைஞ்ச செலவில் நிறைஞ்ச கூட்டம். முதல் வெளியீட்டில் எல்லா அம்சத்தையும் திணிக்காம, ஓடுற ஒரு சின்னப் பதிப்பை முதல்ல இறக்குங்கன்னு உங்க ப்ராஜெக்ட் கைடு சொல்வாரே, அதை அவர் அன்னைக்கே பண்ணிட்டார்.

1925 செப்டம்பரில் தோண்ட ஆரம்பிச்சாங்க. முறை என்னன்னா, தெருவை மேலிருந்தே வெட்டித் திறந்து, ரெண்டு பக்கமும் தூண் அடிச்சு, மேலே பலகை போட்டு டிராமையும் ஆளையும் போக விட்டுட்டு, கீழே பெட்டி மாதிரி கான்கிரீட் சுரங்கம் கட்டி, மறுபடி மூடிடுறது. நம்ம பாடத்தில் வர்ற வெட்டி மூடும் முறைதான்.

ரயில் பெட்டியிலும் அவர் கஞ்சத்தனம் காட்டலை. ஜப்பானில் அப்போ மரப் பெட்டிகள்தான் அதிகம். சுரங்கத்தில் தீப்பிடிச்சா ஓட வழி இல்லைங்கிறதால பெட்டி முழுக்க எஃகு. உள்ளே இருக்கிறவங்களுக்கு இரும்புப் பெட்டியில் அடைச்ச மாதிரி தோணக் கூடாதுன்னு மர ரேகை மாதிரி பெயின்ட் அடிச்சாங்க. சிக்னலில் சிவப்பு விழுந்தும் டிரைவர் நிறுத்தலைன்னா, தண்டவாளத்துப் பக்கத்தில் நிமிர்ந்து நிக்கிற ஒரு கை, பெட்டியின் பிரேக் வால்வைத் தட்டி வண்டியை நிறுத்திடும். மென்பொருள் எதுவும் இல்லாத தானியங்கிப் பாதுகாப்பு. மின்சாரம் மேல் கம்பியில் வரலை, 600 வோல்ட் மூணாவது தண்டவாளத்தில் வந்தது. மேல் கம்பி வேண்டாம்னா சுரங்கத்தின் உயரம் குறையும், தோண்டுற செலவும் குறையும். பெட்டியின் வெளி நிறம் பளிச்சுன்னு மஞ்சள். அந்த 1001 எண் பெட்டி இன்னைக்கும் டோக்கியோவில் கசாய் பகுதியில் இருக்கிற மெட்ரோ மியூசியத்தில் நிக்குது. 2017ல் அதை முக்கியக் கலாச்சாரச் சொத்தா அறிவிச்சாங்க.

பத்து சென்

1927 டிசம்பர் 30. புத்தாண்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரயில் ஓட ஆரம்பிச்சது. ஜப்பானில் புத்தாண்டில் கோயிலுக்குப் போற வழக்கம் உண்டு, அசகுசாவில் கூட்டம் அலைமோதும். முதல் நாளே ஒரு லட்சம் பேர் சுமாருக்கு ஏறினாங்க. அஞ்சு நிமிஷப் பயணத்துக்கு மணிக்கணக்கில் வரிசை. கீழ்த்திசை நாடுகளிலேயே ஒரே சுரங்க ரயில்னு விளம்பரம் பண்ணியிருந்தாங்க.

கட்டணம் எவ்வளவுன்னு கேட்கிறீங்களா? எங்க ஏறினாலும் எங்க இறங்கினாலும் 10 சென். அந்தச் சமயத்தில் டிராமுக்கு 7 சென். டாக்ஸிக்கு 1 யென், அதாவது 100 சென். ரெண்டுக்கும் நடுவில், டிராமை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாம ஒரு விலை. டிராமில் 7 சென்னுக்கு ஊரையே சுத்தலாம், இங்கே 10 சென்னுக்கு 2.2 கிலோமீட்டர்தான். ஆனா நேரம் மிச்சம், நெரிசல்ல நசுங்க வேண்டாம். அந்த 3 சென் வித்தியாசத்துக்குள்ள தன்னுடைய வேகத்தை அவர் விலைக்கு வச்சார்.

10 சென்னில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. அது ஒரே காசு. ஸ்டேஷன் வாசலில் சுழலுற கதவு ஒண்ணு. நீங்க 10 சென் நாணயத்தைப் போட்டுத் தள்ளினா ஒரு ஆள் மட்டும் உள்ளே போற அளவுக்குச் சுழலும். டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, கிழிக்கிற ஆள் இல்லை, சில்லறைத் தகராறு இல்லை. கட்டணத்தை ஒரு நாணயத்துக்குப் பொருத்தி அமைச்சா இயந்திரம் எளிமையாகும், இயந்திரம் எளிமையானா ஆள் செலவு குறையும். கட்டணமும் வடிவமைப்பும் ஒண்ணையொண்ணு பிடிச்சு நின்னது. நொடிஞ்ச ரயில்வேக்களில் பைசா பைசாவா எண்ணின அனுபவம் இங்கே பேசுது.

ஆனா இந்த எளிமை நிலைக்கலை. பாதை நீள நீள, ஒரு ஸ்டேஷன் தூரம் போறவருக்கும் எட்டு ஸ்டேஷன் தூரம் போறவருக்கும் ஒரே 10 சென்னுங்கிறது ஒத்து வரலை. தூரத்துக்கு ஏத்த கட்டணம் வந்தது, சுழலும் கதவு போச்சு. இன்னைக்கும் டோக்கியோ மெட்ரோவில் தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். 6 கிலோமீட்டர் வரைக்கும் 180 யென், 11 வரைக்கும் 210, 19 வரைக்கும் 260, 27 வரைக்கும் 300, அதுக்கு மேல 330. கார்டில் தட்டினா ஒத்தை யென் வரைக்கும் துல்லியமா கழியும், 178, 209ன்னு. தாள் டிக்கெட்டில் பத்து பத்தா முழுசாக்கிடுவாங்க. காரணம் அதேதான், டிக்கெட் மிஷினில் 1 யென் காசைப் போட்டுக்கிட்டிருக்க முடியாது. நூறு வருஷம் ஆகப்போகுது, கட்டணத்தின் வடிவத்தை நாணயம்தான் இன்னும் பாதி தீர்மானிக்குது.

கடைக்காரங்க கட்டின ஸ்டேஷன்

டிக்கெட் காசை மட்டும் நம்பிச் சுரங்கம் தோண்ட முடியாதுன்னு ஹயகாவாவுக்குத் தெரியும். விலையை ஏத்தினா ஜனங்க டிராமுக்கே போயிடுவாங்க. அப்போ மீதிக் காசுக்கு வழி?

சுரங்க ரயிலால யாருக்கு லாபம்னு யோசிச்சார். பாதை போற தெருவில் இருந்த பெரிய பெரிய துணிக்கடைகள், பல்பொருள் அங்காடிகள்தான். வாசலில் ஒரு ஸ்டேஷன் இருந்தா கூட்டம் நேரா கடைக்குள்ள ஏறும். மிட்சுகோஷிங்கிற புகழ்பெற்ற அங்காடி ஸ்டேஷன் கட்டுற செலவை ஏத்துக்கிச்சு. 1932ல் திறந்த அந்த ஸ்டேஷனுக்குப் பேரே மிட்சுகோஷிமாயே, மிட்சுகோஷிக்கு முன்னாடின்னு அர்த்தம். அடுத்த நிஹோன்பாஷி ஸ்டேஷனுக்கு ஷிரோகியா, தகாஷிமாயா கடைகள் பங்கு கொடுத்தது. ஸ்டேஷன் பேரைக் கம்பெனிக்கு வித்துக் காசு பார்க்கிறதை இப்போ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுறோம். இது அன்னைக்கே நடந்தது. அதோட விடாம, அசகுசாவிலும் உயேனோவிலும் கம்பெனி சொந்தமா சாப்பாட்டுக் கூடமும் கடையும் திறந்தது.

இப்படித் துண்டு துண்டா பாதை வளர்ந்தது. 1930 புத்தாண்டில் மன்செய்பாஷி. அங்கே கன்டா ஆறு குறுக்கே வந்தது, ஆத்துக்கு அடியில் போற வரைக்கும் ஒரு தற்காலிக ஸ்டேஷன். 1931ல் கன்டா. 1934 மார்ச்சில் கின்சா, ஜூனில் ஷிம்பாஷி. பயறு காட்டின பாதை முழுசா, 8 கிலோமீட்டர். பயறு எண்ணத் தொடங்கி ஏறக்குறைய பதினெட்டு வருஷம் கழிச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம்

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். முடியலை.

கோட்டோ கெய்தான்னு ஒருத்தர். முன்னாடி சொன்ன கோட்டோ ஷிம்பெய்க்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. டோக்யூ ரயில்வே சாம்ராஜ்யத்தைக் கட்டினவர். கம்பெனிகளைப் பங்குச் சந்தையில் மடக்கி மடக்கி வாங்குறதில் பேர்போனவர். அவர் பேரின் ஒலிக்குப் பக்கத்தில் கொள்ளைக்காரன்னு பொருள்படுற ஒரு ஜப்பானியச் சொல் உண்டு, ஜனங்க அதையே அவருக்குப் பட்டப்பேரா வச்சுட்டாங்க. அவர் மேற்கிலிருந்து, ஷிபுயாவிலிருந்து இன்னொரு சுரங்கப் பாதை தோண்டிக்கிட்டு வந்தார். 1939 ஜனவரியில் அதுவும் ஷிம்பாஷி வந்து சேர்ந்தது.

கோட்டோ கேட்டது, ரெண்டு பாதையையும் சேர்த்து ஷிபுயாவிலிருந்து அசகுசா வரைக்கும் ஒரே ரயிலா ஓட்டலாம்னு. ஹயகாவா மறுத்தார். அவர் திட்டம் தெற்கே ஷினகாவா பக்கம் போறது. அங்கே கெய்ஹின் ரயில்வேயோடு சேர்ந்து துறைமுகப் பக்கத்துக்கு வழி போடணும்னு அதுக்காக ஒரு கம்பெனியே தொடங்கியிருந்தார். விளைவு என்ன தெரியுமா? ஷிம்பாஷியில் ரெண்டு ஸ்டேஷன். நடுவில் ஒரு சுவர். அசகுசாவிலிருந்து வந்த பயணி இறங்கி, வெளியே வந்து, இன்னொரு ஸ்டேஷனுக்குள்ள போய், இன்னொரு ரயில் ஏறணும். தண்டவாள அகலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், 1435 மில்லிமீட்டர். மின்சாரமும் அதே 600 வோல்ட். தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லை. தடை மொத்தமும் மனுஷங்ககிட்ட.

இந்த இடத்தில் நான் ஹயகாவா பக்கம் நிக்க மாட்டேன். தன் வாழ்க்கையைப் போட்டுத் தோண்டின சுரங்கம், இன்னொருத்தர் கையில் போயிடுமோன்னு அவர் பயந்தது புரியுது. ஆனா தெருமுனையில் நின்னு ஒவ்வொரு ஆளையும் ஒரு பயறா எண்ணின அதே மனுஷன், அந்த ஆளுங்க சுவரைச் சுத்திக்கிட்டு நடக்கிறதைப் பார்த்துக்கிட்டிருந்தார். பயறுகிட்ட கேட்டிருந்தா அது ஷிபுயாவோடு சேர்ன்னுதான் சொல்லியிருக்கும்.

கோட்டோ வாதாடிக்கிட்டிருக்கலை, பங்குகளை வாங்கினார். ஹயகாவாவுடைய கம்பெனிப் பங்குகளையும், அவர் கூட்டாளியா நம்பின கெய்ஹினின் பங்குகளையும். 1939 செப்டம்பர் 16ல் நேரடி ரயில் ஓட ஆரம்பிச்சது. கோட்டோவின் ஷிம்பாஷி பிளாட்பாரம் எட்டே மாசத்தில் வேலை இல்லாம போச்சு. சண்டை அதிலும் அடங்கலை, அரசு தலையிட்டது. 1940ல் ஹயகாவா தான் பெத்த கம்பெனியை விட்டு வெளியேறினார். 1941ல் ரெண்டு கம்பெனியின் சுரங்கங்களையும் புதுசா அமைச்ச ஒரு பொது நிறுவனம் எடுத்துக்கிச்சு. ஜெயிச்ச கோட்டோ கையிலும் சுரங்கம் நிக்கலை.

ஹயகாவா யமனாஷிக்கே திரும்பினார். இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிக்கூடம் அமைக்கிற வேலையில் இறங்கினார். 1942 நவம்பர் 29ல், 61 வயசில் காலமானார். டோக்கியோவில் அடுத்த சுரங்கப் பாதை, மருனோவுச்சி, திறந்தது 1954ல்தான். அவர் போட்ட பாதையும் கோட்டோ போட்ட பாதையும் சேர்ந்த அந்த ஒரே கோடு, போரையும் தாண்டி அதுவரைக்கும் தனியா நகரத்தைச் சுமந்தது. இன்னைக்கு அதுக்குப் பேர் கின்சா லைன். ஷிபுயாவிலிருந்து அசகுசா வரைக்கும் முழுசா போனா 260 யென்.

இன்னைக்கு நீங்க டோக்கியோ போனா இன்னொரு சுவரையும் பார்ப்பீங்க, கண்ணுக்குத் தெரியாத சுவர். 13 பாதைகளில் 9 டோக்கியோ மெட்ரோவுடையது, 4 மாநகர அரசின் தோயேயுடையது. ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்கு மாறினா ரெண்டு கட்டணத்தையும் கூட்டி, 70 யென் தள்ளுபடி பண்ணிக் கொடுப்பாங்க. ரெண்டையும் ஒண்ணாக்கணும்னு வெகுநாளா பேச்சு உண்டு. 2024 அக்டோபரில் டோக்கியோ மெட்ரோவின் பங்கு சந்தைக்கே வந்துடுச்சு, ஆனா அந்த இணைப்பு இன்னும் நடக்கலை.

நம்ம சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்குக் கடன் கொடுத்தது ஜப்பான் அரசின் ஜைகா நிறுவனம். அதனால் இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு நூல் ஓடுது. அடுத்த தடவை மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் நடுவில் படி ஏறி இறங்கி ரெண்டாவது டிக்கெட் எடுக்கும்போது, அங்கே நடக்கிற ஆளுங்களை ஒரு அஞ்சு நிமிஷம் எண்ணிப் பாருங்க. அந்தக் கணக்கு நமக்கும் தேவைப்படும்.

ஹயகாவாவின் மார்பளவுச் சிலை கின்சா ஸ்டேஷனில் இருக்கு. ஷிம்பாஷியில் கைவிட்ட அந்தப் பிளாட்பாரமும் சுவருக்குப் பின்னாடி இன்னும் அப்படியே இருக்கு. எப்போதாவது விசேஷ நாளில் ஜனங்களுக்குத் திறந்து காட்டுவாங்க. ரெண்டையும் பார்த்தாத்தான் அந்த மனுஷனை முழுசா பார்த்ததா அர்த்தம்.